அட்டையில் இல்லாத பதில்

அலுவலகத்தில் அவளுக்குக் கேள்வியம்மா என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை, நேரில் மேடம்தான். ஆனால் தாழ்வாரத்தில் அவள் செருப்புச் சத்தம் கேட்டாலே, "கேள்வியம்மா வராங்க, போனை உள்ள வை" என்று யாராவது கிசுகிசுப்பது அவள் காதில் விழத்தான் செய்யும். வீட்டுக்காரருக்கு இந்தப் பெயர் எப்படியோ தெரிந்துபோய், அவரும் அதையே பிடித்துக்கொண்டார். லிஃப்ட் மெக்கானிக் அவர். வாய் சும்மா இருக்காது. "நானாவது மோட்டார் சத்தத்தை வெச்சு எங்க ரிப்பேருன்னு சொல்லிடுவேன். இவங்க கேள்வி கேட்டே கண்டுபிடிக்கணும், பாவம்" என்பார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம்.

அவள் வேலையே அதுதான். ஒரு பெரிய மருத்துவமனையின் பின்பக்கக் கட்டடத்தில், பிள்ளைகளின் மனநலத்தை ஆராய்கிற பிரிவு அவளுடையது. பன்னிரண்டிலிருந்து பதினாறு வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, தூக்கம், சாப்பாடு, பள்ளிக்கூடம், சிநேகிதர்கள் என்று பேச்சுக் கொடுத்து, கடைசியில் உயிரோடு இருக்கப் பிடிக்கிறதா என்பது வரைக்கும் கேட்டறிய வேண்டும். ஒரு பிள்ளை இருட்டில் இறங்குவதற்கு முன்னால் வெளியே என்னென்ன அடையாளம் தெரியும் என்பதுதான் ஆராய்ச்சி. எல்லாப் பிள்ளைகளிடமும் அவள் ஒருத்தியே பேச முடியுமா? அதனால் வருடா வருடம் புது ஆட்களுக்குப் பேசக் கற்றுக்கொடுப்பதும் அவள் தலையில்தான்.

அந்தப் பேச்சுக்கென்று சில பழக்கங்கள் உண்டு. பிள்ளைக்கு நேர் எதிரே நாற்காலி போடக் கூடாது. போலீஸ் விசாரணை மாதிரி இருக்கும். கொஞ்சம் சாய்வாகப் போட வேண்டும். கண்ணைத் துடைக்கிற காகிதத்தை மேஜை மேல் வைக்கக் கூடாது. நீ அழத்தான் போகிறாய் என்று சொல்லாமல் சொன்னது போல் ஆகிவிடும். பிள்ளை பேசாமல் இருந்தால் நாமும் பேசாமல் இருக்க வேண்டும். 'ஏன்' என்று மட்டும் மறந்தும் கேட்கக் கூடாது. ஏன் சாப்பிடவில்லை, ஏன் அழுதாய் என்றால் பிள்ளையின் காதில் அது குற்றச்சாட்டாகத்தான் விழும். இன்னொன்று, சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்பதைச் சுற்றி வளைக்காமல் நேராகக் கேட்டுவிட வேண்டும். கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடாது. உள்ளே வைத்துப் புழுங்குகிற பிள்ளைக்கு அப்பாடா என்றுதான் இருக்கும். இதைப் புதியவர்களுக்குச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாயே வலித்துவிட்டது.

ஆமாம் என்று ஒரு பிள்ளை சொல்லிவிட்டால் அன்றைக்கே பெற்றவர்களைக் கூப்பிட வேண்டும். "உங்க பிள்ளையைப் பத்திக் கொஞ்சம் பேசணும், உக்காருங்க" என்று முதலில் உட்கார வைக்க வேண்டும்; நின்றுகொண்டு கேட்டால் முழங்கால் மடங்கிவிடும். இந்த ஒரு வாக்கியத்தை அவள் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள். அப்படிச் சொன்ன நாட்களில் வீட்டுக்கு வந்தால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

இயல்பிலேயே அவள் பயந்தாங்கொள்ளி. குழம்பித் தவித்துத்தான் ஒரு சாலையைக்கூடக் கடப்பாள். இப்படிப்பட்டவள் இந்த வேலைக்கு எப்படி வந்தாள் என்றால், பயத்தால்தான் வந்தாள். பள்ளியில் அவள் பக்கத்தில் உட்காரும் பெண் ஒரு திங்கட்கிழமை வரவில்லை. முந்தின வாரம்தான் தன் வண்ணப் பென்சில் பெட்டியை இவளிடம் நீட்டி, "நீயே வெச்சுக்கோ" என்று சொல்லியிருந்தாள். இவளும் பல்லெல்லாம் தெரிய வாங்கிக்கொண்டாள். அந்தப் பெண் பிறகு வரவேயில்லை. பெரியவர்கள் குசுகுசுவென்று பேசிக்கொண்டதை வைத்து விஷயம் புரிவதற்குள் ஒரு வருடம் ஓடிவிட்டது. அவள் தயாரித்த கேள்விகளில், பிடித்த பொருளை யாருக்காவது கொடுத்துவிட்டாயா என்று ஒன்று இருக்கும். அது அங்கிருந்து வந்தது.

சரி, இவ்வளவு தெரிந்தவள் செய்த காரியத்தைச் சொல்கிறேன், கேளுங்கள்.

அவளுக்கு ஒரே மகள். வீட்டில் வாலு என்று கூப்பிடுவார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் நிஜப் பிள்ளைகளிடம் போவதற்கு முன்னால் யாரிடமாவது பேசிப் பழக வேண்டுமே. அதற்குப் பள்ளி விடுமுறைகளில் தன் மகளையே கூட்டிப் போய் உட்கார வைத்துவிட்டாள். எந்தத் தாய்க்கு இந்தப் புத்தி வரும்? இந்தத் துறைக்காரர்களுக்குத்தான் வரும். என்ன பதில் சொல்ல வேண்டும் என்று ஒரு அட்டையில் எழுதிக் கொடுப்பாள். வாலு அதைப் படித்துவிட்டு, பிடிவாதக்காரப் பெண்ணாகவும், எதைக் கேட்டாலும் 'தெரியாது' என்கிற பெண்ணாகவும் நடிப்பாள். பெரியவர்கள் திணறுவதைப் பார்த்து உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குவாள். எல்லாரும் கை தட்டுவார்கள். சாக்லெட் கிடைக்கும். அம்மாவுக்குப் பெருமை பிடிபடாது. எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் சொன்னால் இந்தப் பெரியவர்கள் நிம்மதியாக மூச்சு விடுவார்கள் என்பது பதினான்கு வயதுக்குள் அந்தப் பெண்ணுக்கு அத்துப்படியாகிவிட்டது. அதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

ஒரு வேஷத்தை மட்டும் அவளுக்குக் கொடுத்ததில்லை. வாழப் பிடிக்காத பெண்ணாக நடிக்க ஒரு கல்லூரி மாணவி வழக்கமாக வருவாள். அந்த வருடம் பயிற்சி நாளன்று காலையில் அந்த மாணவிக்குக் காய்ச்சல் என்று போன் வந்தது. கேள்வியம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, "நானே பண்றேம்மா" என்றாள் வாலு, தட்டிலிருந்து தலையை எடுக்காமல்.

"வேண்டாம்" என்றார் அப்பா. ஷூ மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே நிமிர்ந்தார். "வெளையாட்டுக்குக்கூட அந்த வார்த்தை அவ வாயில வர வேண்டாம்."

"வார்த்தை சொன்னா நடந்துடுமா? வெறும் பயிற்சிங்க. எத்தனை பேர் எங்கெங்கிருந்தோ கெளம்பி வராங்க."

"என்னமோ பண்ணுங்க. நான் சொன்னா யார் கேக்கறாங்க" என்று சொல்லிவிட்டு அவர் கருவிப்பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

பயிற்சி அறையில் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. உள்ளே இருப்பவர்களுக்கு அதில் தங்கள் முகம்தான் தெரியும். அடுத்த அறையில் நிற்பவர்களுக்கு உள்ளே நடப்பது எல்லாம் தெரியும், ஒலிபெருக்கியில் பேச்சும் கேட்கும். கேள்வியம்மா அங்கே, புதியவர்கள் சூழ நின்றாள். உள்ளே வாலுவோடு பேசப் போனது புதியவர்களில் ஒருத்தியான மெல்லிசு. பட்டப்பெயர்தான். குரல் அவ்வளவு மெலிது. கைகள் வேறு நடுங்கிக்கொண்டிருந்தன.

வாலு அன்றைக்கு நடித்ததைப் பார்த்து அடுத்த அறையே வாயடைத்துப் போயிற்று. தோளைத் தொங்கப் போட்டுக்கொண்டு, சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு, ஒவ்வொரு பதிலையும் அட்டையில் இருந்தபடியே, ஆனால் சொந்தச் சொல்லில் சொன்னாள். தூக்கம் இல்லை. யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. சாகலாமா என்று தோன்றுகிறது. "பிரமாதம்" என்று ஒருவர் முணுமுணுத்தார். கேள்வியம்மாவும் தலையாட்டினாள்.

"உனக்குப் பிடிச்ச பொருள் எதையாவது யாருக்காவது குடுத்துட்டியா?" என்று கேட்டாள் மெல்லிசு.

ஆமாம், கைக்கடிகாரத்தைத் தோழிக்குக் கொடுத்துவிட்டேன் என்று அட்டையில் இருந்தது. எழுதியவள் அம்மா. வாலு தலையைத் திருப்பிக் கண்ணாடியைப் பார்த்தாள். அந்தப் பக்கம் அம்மா எங்கே நிற்பாள் என்பது அவளுக்குத் தெரியும். அந்த இடத்தையே பார்த்தாள்.

"இல்ல" என்றாள்.

கேள்வியம்மாவுக்கு மீன் தொட்டி நினைவுக்கு வந்தது. போன வாரம் வாலு தன் மீன் தொட்டியைக் கீழ்வீட்டுத் தையல்கார அக்காவிடம் கொடுத்துவிட்டாள். அந்தச் சிவப்பு மீனுக்காகச் சாப்பிடாமல் அடம் பிடித்து வாங்கியவள், அதற்கு உடம்பு சரியில்லை என்றால் பள்ளிக்கே போகமாட்டேன் என்றவள், ஒருநாள் மாலை தொட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். "அவங்களுக்குப் பேச்சுத் துணை இல்லைம்மா, அதான்" என்று சொன்னாள். இவளும் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, என் பெண்ணுக்கு எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டாள். ஊரார் பிள்ளைகளிடமெல்லாம் கேட்கச் சொல்லிக்கொடுத்த கேள்வி, சொந்த வீட்டுப் படியில் இறங்கிப் போனது அவள் கண்ணில் படவில்லை.

கதவைத் திறந்து உள்ளே ஓட வேண்டும் போல் இருந்தது. ஓடவில்லை. மறந்திருப்பாள், குழந்தைதானே என்று ஒரு மனம் சொன்னது. பயிற்சிக்கு அடுத்த ஆள் காத்துக்கொண்டிருந்தார். பயிற்சியைப் பாதியில் நிறுத்தினால் என்ன நினைப்பார்கள் என்று இன்னொரு மனம் சொன்னது. அவள் நின்ற இடத்திலேயே நின்று, மிச்சம் இருந்த பேச்சையும் கேட்டு, நாற்காலி போட்ட கோணத்தைத் திருத்தி, எல்லாருக்கும் நன்றி சொல்லி முடித்தாள். கடைசியில் மெல்லிசு பயந்துகொண்டே கிட்டே வந்தாள்.

"மேடம், அட்டையில ஆமான்னு இருந்துச்சாம். அவ இல்லன்னு சொன்னா. நான் கேட்ட விதத்துல ஏதாவது தப்பா?"

"நீ சரியாத்தான் கேட்டேம்மா" என்றாள் கேள்வியம்மா. தன் குரல் எங்கிருந்தோ வருவது போல் இருந்தது.

பஸ்ஸில் மகள் பக்கத்தில் உட்கார்ந்து, சாதாரணமாகக் கேட்பது போல் கேட்டாள்.

"ராத்திரி நல்லா தூக்கம் வருதா கண்ணு?"

"நல்லா தூங்கறேம்மா. பரீட்சைன்னா மட்டும் கொஞ்சம் லேட்டாகும்."

"பசிக்குதா?"

"பசிக்குதே. ஸ்கூல் சாப்பாடுதான் பிடிக்கல."

ஒவ்வொரு பதிலும் அச்சில் வார்த்தது போல் இருந்தது. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று ஒரேயடியாகச் சொன்னால் சந்தேகம் வரும். சின்னதாக ஒரு குறையும் சேர்த்துச் சொன்னால்தான் நம்புவார்கள். அதைக்கூட இந்தப் பெண் கற்றுவைத்திருந்தாள். கற்றுக்கொடுத்தது யார்? கேள்வியம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நேராகக் கேட்க வேண்டிய கேள்வி மிச்சம் இருந்தது. ஆயிரம் பேருக்குச் சொல்லிக்கொடுத்தவளுக்குச் சொந்தப் பிள்ளையிடம் அதைக் கேட்க நாக்கு எழவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள். எங்கோ ஒரு கட்டடத்தின் உச்சியில் மோட்டார் அறையில் இருந்தார்; பின்னால் ஒரே இரைச்சல்.

"அவளையே கேளேன்" என்றார் விஷயத்தைக் கேட்டுவிட்டு.

"கேட்டேங்க. எல்லாத்துக்கும் சரியான பதில் சொல்றா."

"சொன்னா நல்லதுதானே?"

"அதாங்க பயமா இருக்கு."

"நான் வரேன்" என்றார். கேலி எதுவும் இல்லாமல் அவர் பேசியதே அவளுக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது.

மகள் அறையில் துணி மாற்றிக்கொண்டிருந்தாள். அந்த இடைவெளியில் கேள்வியம்மா கீழ்வீட்டுக்கு இறங்கினாள். தையல்கார அக்கா மெஷினை நிறுத்தினார். மீன் ஜன்னலோரம் சுகமாக நீந்திக்கொண்டிருந்தது.

"உங்க பொண்ணு தங்கம்" என்றார் அக்கா. "தீனி டப்பா, வலை, தண்ணி மாத்தற குழாய், எல்லாத்தையும் கொண்டாந்து குடுத்துட்டா. எப்பவாவது வந்து பாத்துட்டுப் போடான்னேன். இல்லக்கா, இனிமே உங்களோடதுதான், நீங்க நல்லா பாத்துப்பீங்கன்னு சொல்லிட்டா."

அக்கா வேறு என்னவோ சொல்லிக்கொண்டிருந்தது அவள் காதில் ஏறவில்லை. படியேறி வீட்டுக்கு வந்தாள். கதவு திறந்து கிடந்தது. சமையலறையில் வாலு இல்லை. குளியலறையில் இல்லை. புத்தகப் பை நாற்காலியில் இருந்தது. செருப்பு வாசலிலேயே இருந்தது. கூப்பிட்டுப் பார்த்தாள். வெளியே வந்து பார்த்தால், லிஃப்ட் கதவுக்கு மேலே இருந்த எண் கடைசி மாடியைக் காட்டிக்கொண்டிருந்தது.

லிஃப்ட் வரும் வரை நிற்க அவளால் முடியவில்லை. படி வழியே ஓடினாள். கடவுளே, கடவுளே என்று வாய் தானாக அடித்துக்கொண்டது. ஓடும்போதே, கூட்டிப் போனது நான், வேஷம் கொடுத்தது நான், பார்த்துவிட்டு நின்றவளும் நான் என்று உள்ளே ஒன்று சொல்லிக்கொண்டே வந்தது. ஒரு படியில் கால் இடறி முழங்கால் சிராய்த்தது கூடத் தெரியவில்லை. மொட்டை மாடிக் கதவைத் தள்ளினாள்.

வாலு தண்ணீர்த் தொட்டிச் சுவரில் முதுகைச் சாய்த்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெயில் இன்னும் இருந்தது. உயிர் போய் உயிர் வந்தது அம்மாவுக்கு. ஓடிப் போய் மகளுக்கு நேர் எதிரே, மூக்குக்கு மூக்கு என்று சொல்வார்களே, அப்படித் தரையில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. முகமெல்லாம் கண்ணீர்.

"சாகணும்னு நெனைக்கிறியாடி?"

மகள் பேசவில்லை. காத்திருக்க வேண்டும் என்பது அவளுக்கு மறந்தே போயிற்று. "சொல்லுடி. எதுவா இருந்தாலும் சொல்லு. எனக்குக் கை காலெல்லாம் நடுங்குது பாரு."

வாலு அம்மாவின் கையைப் பார்த்தாள். நிஜமாகவே நடுங்கிக்கொண்டிருந்தது.

"சில நேரம்" என்றாள். "எப்பவும் இல்ல. காலைல எழுந்திருக்கறப்ப. ஒண்ணும் நடக்கலம்மா. யாரும் திட்டல, அடிக்கல. சும்மாவே அப்படி இருக்கு. ஏதாவது நடந்திருந்தாலாவது சொல்லலாம். ஒண்ணும் நடக்காம எப்படிச் சொல்றது?"

"இங்க எதுக்குடா வந்தே?"

"வீட்டுக்குள்ள இருக்க முடியல. அப்பா வண்டி வருதான்னு பாத்துட்டு இருந்தேன்."

அம்மா அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். உயரமாக வளர்ந்த பெண். கால் இரண்டும் தரையில் நீண்டு கிடந்தன. மடியிலிருந்தே வாலு பேசினாள்.

"அட்டைல ஆமான்னு எழுதியிருந்தே. நான் இல்லன்னு சொன்னேன்."

"ம்."

"அட்டை எழுதினது நீ. மீனைக் குடுத்ததும் உனக்குத் தெரியும். தப்பாச் சொன்னா உனக்கு மட்டும் புரியும்னு நெனச்சேன். மத்தவங்களுக்குத் தெரியாம, உனக்கு மட்டும்."

"புரிஞ்சுதுடா."

"எப்ப?"

பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. "அப்பவே" என்றாள்.

வாலு எழுந்து உட்கார்ந்தாள். கோபம் இல்லை முகத்தில். தெரிந்துகொள்ள வேண்டும் என்பது மட்டும்தான் இருந்தது.

"அப்பறம் ஏன் உள்ள வரல?"

யாரிடமும் கேட்கக் கூடாது என்று இத்தனை வருடமாக அவள் சொல்லி வந்த சொல். அது எப்படிக் குத்தும் என்பது அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. ஆட்கள் இருந்தார்கள் என்று சொல்வதா? பயிற்சி பாதியில் இருந்தது என்று சொல்வதா? "வந்திருக்கணும்" என்று மட்டும் சொன்னாள். "ஓடி வந்திருக்கணும்."

கொஞ்ச நேரத்தில் அப்பா படியேறி வந்தார், உள்ளங்கையெல்லாம் கிரீஸோடு. இரண்டு பேரையும் பார்த்தார். ஒரு வார்த்தையும் கேட்காமல் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டார். சட்டையெல்லாம் கறை ஆகும் என்றாள் வாலு. ஆகட்டும் என்றார் அவர்.

அன்று மாலையே கேள்வியம்மா தன் மருத்துவமனையின் மனநல டாக்டரைப் போனில் கூப்பிட்டாள். சொந்தப் பிள்ளையை யாரும் தாமே பார்க்கக் கூடாது என்பது அங்கே விதி. அந்த விதிக்கு மட்டும் அன்றைக்கு அவள் கையெடுத்துக் கும்பிட்டிருப்பாள். இன்று ராத்திரி யாராவது ஒருவர் அவள் கூடவே இருக்க வேண்டும், காலையில் முதல் ஆளாக வாருங்கள் என்றார் டாக்டர். மூன்று பேரும் ஒரே அறையில் பாய் விரித்துப் படுத்தார்கள். அவள் கண்ணை மூடவேயில்லை. மகளின் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கிடந்தாள்.

காலையில் அதே பயிற்சி அறை. நேற்றுப் பேசிய அக்காவும் இருக்க வேண்டும் என்று வாலு கேட்டதால், டாக்டரோடு மெல்லிசுவும் உள்ளே போனாள். கதவருகில் வாலு நின்றாள்.

"கண்ணாடிக்குப் பின்னாடி யாரும் இல்லையே?"

"யாரும் இல்ல. அந்த ரூமைப் பூட்டிச் சாவியை அப்பாகிட்ட குடுத்துட்டேன். நான் வெளிய நாற்காலில இருக்கேன்."

"கூப்பிட்டா வருவியா?"

"கூப்பிடாட்டியும் வருவேன்."

கதவு மூடிக்கொண்டது. வெளியே பெற்றவர்களுக்கென்று போட்டிருந்த நாற்காலியில் அவள் அதுவரை உட்கார்ந்ததே இல்லை. நாற்காலியின் ஒரு கால் ஆடியது. எத்தனை பேர் இதில் உட்கார்ந்து இந்தக் கதவையே பார்த்திருப்பார்கள், யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று நினைத்தாள். பக்கத்தில் வீட்டுக்காரர் குனிந்து, மடித்த காகிதத்தை அந்தக் காலுக்கு அடியில் செருகிக்கொண்டிருந்தார். அவருக்கும் கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

உள்ளே பேச்சுக் குரல் கேட்டது, சொற்கள் கேட்கவில்லை. நடுவே நீண்ட மௌனம் வந்தபோதெல்லாம் அவள் எழுந்தாள். அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். ஒருமுறை மகள் அழுகிற சத்தம் கேட்டது. பிறகு இழுப்பறை திறக்கும் சத்தம். கண்ணைத் துடைக்கிற காகிதத்தை மேஜை மேல் வைக்காமல் உள்ளேதான் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது.

கடைசியில் கதவு திறந்தது. மெல்லிசு வெளியே வந்தாள். இன்றைக்கு அவள் கைகள் நடுங்கவில்லை. கேள்வியம்மா எழுந்து நின்றாள்.

"உங்க பொண்ணைப் பத்திக் கொஞ்சம் பேசணும்" என்றாள் மெல்லிசு, கற்றுக்கொடுத்தது போலவே, மெதுவாக. "உக்காருங்கம்மா."

முழங்கால் மடங்குவதற்குள் அவள் உட்கார்ந்துவிட்டாள்.